ரெண்டு வியன்னாக்காரங்க கதையும் நடு ஊர் காலியான கணக்கும்

1938-ல ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கின வருஷம் வியன்னாவுல இருந்து தப்பிச்சு அமெரிக்கா போன யூதர்கள்ல ரெண்டு பேரை பத்தி முதல்ல சொல்லிடறேன், அப்புறம் விஷயத்துக்கு வரேன். ஒருத்தர் விக்டர் க்ரூன். ஆர்க்கிடெக்ட். நியூயார்க்ல கப்பலை விட்டு இறங்கும்போது கையில 8 டாலர்தான், இங்கிலீஷும் தெரியாது. இன்னொருத்தர் மாக்ஸ் ஹெல்லர், 19 வயசு பையன். அதுக்கு முந்தின வருஷம் வியன்னாவுக்கு டூர் வந்த ஒரு அமெரிக்க பொண்ணுகூட டான்ஸ் ஆடி பழக்கமாச்சு, நாஜிக்காரன் உள்ள வந்ததும் அந்த பொண்ணுக்கே லெட்டர் போட்டு உதவி கேட்டு, அவங்க ஊருக்கே போய் சேர்ந்துட்டார். ஊர் பேர் கிரீன்வில், தெற்கு கரோலினா மாநிலத்துல இருக்கிற ஒரு ஜவுளி மில் ஊர். சட்டை தைக்கிற ஃபேக்டரில தரை கூட்டற வேலை.

க்ரூன் பின்னாடி ஷாப்பிங் மாலை கண்டுபிடிச்சார். ஹெல்லர் சொந்தமா சட்டை கம்பெனி வச்சு சம்பாதிச்சு, பின்னாடி அந்த ஊருக்கே மேயராகி, மால் வந்து உறிஞ்சின கடைவீதிக்கு திரும்ப உயிர் வர வழி பண்ணார். நடுத்தர ஊர்களோட மையப் பகுதி, அதாவது நடு ஊர், ஏன் காலியாகுது, எப்ப திரும்ப நிரம்புதுங்கற மொத்த கதையையும் இந்த ரெண்டு பேருக்கு நடுவுல வச்சே சொல்லிடலாம்னு எனக்கு தோணுது.

நடுத்தர ஊர்னா எது? பணக்கார நாடுகளோட கூட்டமைப்பான ஓஇசிடி கணக்குல 2 லட்சத்துல இருந்து 5 லட்சம் ஜனம், ஐநா கணக்குல 10 லட்சத்துல இருந்து 50 லட்சம், ஆக பெரியவங்களுக்குள்ளயே ஒரு முடிவு இல்ல. நான் வச்சிருக்கிற அளவுகோல் வேற. கார் எடுத்தா ஊரோட எந்த மூலைக்கும் பெரிய ஜாம்ல மாட்டாம போயிடலாம், ஆனா மெட்ரோ ரயில் போடற அளவுக்கு கூட்டம் கிடையாது, அப்படி ரெண்டும்கெட்டானா இருக்கிற ஊர்தான் நான் சொல்றது. உலகத்துல நகரத்துல வாழறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் 5 லட்சத்துக்கும் கம்மியா ஜனம் இருக்கிற ஊர்கள்லதான் இருக்காங்கன்னு ஐநா சொல்லுது, ஆனா நகர வளர்ச்சினு பேச ஆரம்பிச்சா எல்லாரும் கோடி ஜனம் இருக்கிற ஊர்களை பத்தியேதான் பேசுவாங்க.

இந்த ரெண்டும்கெட்டான் அளவுதான் பிரச்சனைக்கு வேர். பெரிய ஊர்ல ரயிலும் பஸ்ஸும் எல்லாரையும் மையத்துக்கே கொண்டு வந்து கொட்டும், அங்க நிலத்தோட மதிப்பை யாராலும் அசைக்க முடியாது. ரொம்ப சின்ன ஊர்ல வெளிய போய் கடை போட ஆளே வராது. நடுத்தர ஊர்ல மட்டும் ஓரத்துல நிலம் சல்லிசா கிடைக்கும், பத்து இருபது நிமிஷத்துல போயிடவும் முடியும், அப்ப கடைக்காரன் எங்க போவான்?

அதுக்கு முன்னாடி, ஊருக்கு நடுனு ஒண்ணு ஏன் உருவாச்சுன்னு பாக்கணும். யாரும் பேப்பர்ல வட்டம் போட்டு இதுதான் மையம்னு சொல்லல. எல்லாரும் நடந்தோ, அப்புறம் ட்ராம்லயோ வந்த காலத்துல எல்லா பக்கத்துல இருந்தும் ஈஸியா வர முடிஞ்ச இடம் ஒண்ணே ஒண்ணுதான், அதனால அங்க கடை வைக்கறவன் அதிக வாடகை குடுக்க ரெடியா இருந்தான், அவனுக்கு அடுத்த வட்டத்துல வீடு, அதுக்கு வெளிய விவசாயம். வில்லியம் அலான்சோனு ஒரு பொருளாதாரக்காரர் 1964-ல இதை கணக்காவே எழுதி வச்சார், யார் எந்த இடத்துக்கு எவ்வளவு வாடகை குடுக்க தயாரா இருக்காங்களோ அதை வச்சே ஊர் தானா அடுக்கிக்கும்னு. நிலம் விலை ஜாஸ்தினால நெருக்கி கட்டினாங்க, கீழ கடை, மேல வீடு, ஒரு சுவர்லயே ரெண்டு கட்டடம்.

இதுல ஒரு விஷயத்தை கவனிங்க. மையத்தோட மொத்த பலமும் "இங்க மட்டும்தான் எல்லாரும் வர முடியும்"ங்கறதுலதான் இருந்துச்சு. கார் வந்து, ரிங் ரோடும் வந்தவுடனே எல்லாரும் ஈஸியா வர முடிஞ்ச இடம் நடு ஊர்ல இருந்து பைபாஸ் ஜங்ஷனுக்கு மாறிடுச்சு. அமெரிக்கால 1956-ல போட்ட ஹைவே சட்டம் 41,000 மைல் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு, அதுல 90 சதவீதம் செலவை மத்திய அரசே ஏத்துக்கும்னு சொல்லிடுச்சு. நூறு ரூபா வேலைக்கு பத்து ரூபா போட்டா போதும்னா யார் வேணாம்னு சொல்லுவா, ஊர் நடுவுலயே ரோட்டை விட்டாங்க, பல இடத்துல ஏழை ஜனங்க வீட்டை இடிச்சு. நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர்னு ஒரு ஊர், மையத்தை சுத்தி அகழி மாதிரி பள்ளத்துல ஓடற வட்ட ரோடு போட்டு, அரை நூற்றாண்டு கழிச்சு, அதோட கிழக்குப் பக்கத்தை 2014-ல இருந்து 2017-க்குள்ள மண்ணு கொட்டி மூடி, அதுமேல இப்ப அபார்ட்மென்ட் கட்டியிருக்காங்க.

அதே 1956 அக்டோபர்லதான் மினியாபொலிஸ் நகரம் பக்கத்துல ஈடைனாங்கற ஊர்ல க்ரூனோட சவுத்டேல் திறந்துச்சு, முழுக்க கூரை போட்டு ஏசி வச்ச முதல் மால். க்ரூன் கெட்டவர் இல்ல, அதுதான் இந்த கதையோட சோகமே. அவருக்கு கார்னாலே ஆகாது. புறநகர்ல ஆளாளுக்கு தனித்தனி வீட்ல அடைஞ்சு கிடக்கறாங்க, வியன்னாவுல மாதிரி நடந்து, உக்காந்து, பேசற இடம் ஒண்ணு வேணும்னுதான் அவர் யோசிச்சார். அவர் வரைஞ்ச ப்ளான்ல மாலை சுத்தி வீடுங்க, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பார்க், ஏரி எல்லாம் இருந்துச்சு. முதலாளிங்க அதுல இருந்து மாலை மட்டும் உருவி எடுத்துக்கிட்டாங்க, சுத்தி இருக்கவேண்டிய மிச்சத்துக்கு பதிலா பார்க்கிங் போட்டாங்க. லாபம் வந்துச்சு, நாடு பூரா காப்பி அடிச்சாங்க.

இங்கதான் என்னோட முக்கியமான கருத்து வருது, நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. மால் வந்ததால மட்டும் நடு ஊர் சாகல. மால் வந்ததும் நடு ஊர் தானும் மால் ஆகப் பாத்துச்சு, அதுலதான் செத்துச்சு. "அங்க ஃப்ரீ பார்க்கிங் இருக்கு, அதான் ஜனம் போகுது, நாமளும் பார்க்கிங் குடுப்போம்"னு பழைய கட்டடங்களை இடிச்சு தரையாக்கினாங்க. "அங்க கார் சர்ருனு போகுது, நாமளும் வேகமாக்குவோம்"னு ரெண்டு பக்கமும் வண்டி போன தெருவை ஒன் வே ஆக்கி, நடைபாதையை வெட்டி லேன் சேர்த்தாங்க. ஒவ்வொரு முடிவும் தனியா பாத்தா நியாயமாதான் தெரியும். ஆனா ஒரு கட்டடம் இடிச்சா அந்த எடத்துல வந்துபோயிட்டிருந்த அம்பது பேர் போயிட்டாங்க, அந்த அம்பது பேரை நம்பி இருந்த பக்கத்து கடை படுத்துச்சு, அது மூடினதும் அதையும் இடிச்சு இன்னும் பத்து கார் நிக்க இடம் பண்ணாங்க. கடைசில பார்க்கிங் தாராளமா இருந்துச்சு, எதுக்காக அங்க வந்து நிறுத்தணும்னுதான் யாருக்கும் காரணம் கிடைக்கல.

பார்க்கிங் ரோட்டோட நிக்கல, சட்டத்துக்குள்ளயே புகுந்துச்சு. புதுசா கடை வச்சா இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் இடம் கட்டாயம்னு ரூல். ஒரு கார் நிக்க, திரும்ப, வெளிய வர, எல்லாம் சேர்த்தா ஏறக்குறைய 300 சதுர அடி ஆகும். சும்மா ஒரு உதாரணத்துக்கு 1000 சதுர அடி கடைக்கு நாலு கார் இடம் கேக்கறாங்கன்னு வச்சுக்கோங்க, 1200 சதுர அடி பார்க்கிங்குக்கே போச்சு, கடையை விட கார் நிக்கற இடம் பெருசு. ஊர் ஓரத்துல இது பெரிய விஷயமே இல்ல, நிலம் கொட்டிக்கிடக்கு. நடு ஊர்ல நூறு வருஷ கட்டடத்துல, பக்கத்து சுவரோட ஒட்டி நிக்கற கடைல இதை எங்க குடுப்பான்? ஒண்ணு பக்கத்து கட்டடத்தை வாங்கி இடிக்கணும், இல்ல கடையே வைக்காம பூட்டி போடணும். இன்னைக்கு நாம அழகா இருக்குனு போட்டோ எடுக்கற எந்த பழைய கடைவீதியையும் இந்த ரூல் படி புதுசா கட்டவே முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த டொனால்ட் ஷூப் வாழ்க்கை பூரா இதையே சொல்லிக்கிட்டிருந்தார், ஃப்ரீ பார்க்கிங்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கார் இல்லாதவன் உட்பட எல்லாரும் வாடகையிலயும் பொருள் விலையிலயும் அதுக்கு காசு கட்டறோம்னு. முதல்ல யாரும் கண்டுக்கல. 2017-ல பஃபலோ நகரம் கட்டாய பார்க்கிங் ரூலை ஊர் முழுக்கவே தூக்கிடுச்சு, அப்புறம் நிறைய ஊர்கள் அதே வழில போச்சு.

இப்ப வரி கணக்கு. இது கொஞ்சம் காய்ஞ்ச விஷயம்தான் ஆனா இதை புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். நகராட்சிக்கு காலி நிலத்துல ஒரு பெரிய கடை வந்தா சந்தோஷம், ஒரே கையெழுத்துல பெரிய சொத்து வரி. ஆனா எத்தனை ஏக்கரை விழுங்கிட்டு அந்த வரியை குடுக்குதுன்னு யாரும் வகுத்துப் பாக்கறது இல்ல. வட கரோலினால ஆஷ்வில்னு ஒரு ஊர்ல ஜோ மினிகோஸினு ஒருத்தர் வகுத்துப் பாத்தார். ஊர் ஓரத்துல 34 ஏக்கர்ல இருந்த வால்மார்ட் ஏக்கருக்கு வருஷம் 6,500 டாலர் சொத்து வரி குடுத்துச்சு. நடு ஊர்ல ரொம்ப நாள் காலியா கிடந்து, சரி பண்ணி, கீழ கடை, நடுவுல ஆபீஸ், மேல வீடுன்னு ஆன ஒரு பழைய கட்டடம், அது நிக்கறதே கால் ஏக்கருக்கும் கம்மி, ஏக்கர் கணக்குக்கு மாத்தினா 6,34,000 டாலர். கிட்டத்தட்ட நூறு மடங்கு. வேலைவாய்ப்பும் அப்படியே, வால்மார்ட்ல ஏக்கருக்கு ஆறு பேருக்கு வேலை, இங்க எழுபதுக்கு மேல.

செலவு பக்கமும் இதே கதைதான். தண்ணி பைப், சாக்கடை, தெருவிளக்கு, ரோடு, எல்லாமே நீளத்துக்குதான் செலவு. அஞ்சு மீட்டர் முகப்புல ஒரு கட்டடமா நெருக்கி நின்னா நூறு மீட்டர் பைப்ல ஒரு பக்கம் மட்டும் இருபது கட்டடம் பங்கு போட்டுக்கும், இருபத்தஞ்சு மீட்டர் முகப்பு வீடா இருந்தா நாலே பேர். அந்த பைப்பை புதுசா போடும்போது லேஅவுட் போடற ஆள் செலவு பண்ணி நகராட்சிக்கு இலவசமா குடுத்துடுவான், எல்லாரும் கை தட்டுவாங்க, முப்பது நாப்பது வருஷம் கழிச்சு பைப் வெடிக்கும்போது அவன் இருக்க மாட்டான். அதுக்குள்ள அடுத்த லேஅவுட் வரும், அதுல வர புது வரியை வச்சு பழைய லேஅவுட்டோட ஓட்டையை அடைப்பாங்க. வளர்ந்துக்கிட்டே இருக்கற வரைக்கும் இது தெரியாது. ஜனத்தொகை பெருசா ஏறாம ஊர் மட்டும் அகலமாகிக்கிட்டே போற நடுத்தர ஊர்கள்ல இது ஒரு நாள் கண்டிப்பா கழுத்தை பிடிக்கும், வளர்ச்சினு நாம பேரு வச்சதுல பாதி இந்த மாதிரி பரவல்தான்.

மறுபடி க்ரூன். தான் பெத்த மால் நடு ஊரை திங்கறதை பாத்துட்டு அவரே வைத்தியம் எழுதினார். மிச்சிகன்ல கலமசூனு ஒரு ஊர், 1959-ல நடு கடைவீதில கார் வரக்கூடாதுன்னு பண்ணி, மரம் நட்டு, பெஞ்ச் போட்டாங்க, அமெரிக்காவுல நடக்கறவங்களுக்கு மட்டும்னு மாத்தின முதல் டவுன் தெரு அது. அப்புறம் அலை மாதிரி பரவி ஏறக்குறைய இருநூறு ஊர்ல இதே மாதிரி பண்ணாங்க, பெரும்பாலானது ஊத்திக்கிச்சு. கலமசூவே 1998-ல ஒரு பகுதிய திரும்ப காருக்கு திறந்துவிட்டுடுச்சு. கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோ, க்ரூனோட ப்ளான்ல 1964-ல ஆரம்பிச்சது, அழகான சிற்பமெல்லாம் வச்சது, 2017-ல கார் திரும்ப வந்துடுச்சு.

இதை வச்சு "பாத்தியா, கார் இல்லன்னா கடை படுத்துடும்"னு சொல்றவங்க உண்டு. அப்படின்னா கோபன்ஹேகன்ல 1962-ல கார் வரக்கூடாதுன்னு பண்ணின ஸ்ட்ரோகெட் தெரு எப்படி இன்னைக்கு வரைக்கும் ஜேஜேன்னு இருக்கு? ஸ்பெயின்ல பொன்டெவெத்ரானு ஒரு ஊர், 80 ஆயிரத்து சொச்சம் பேர்தான், 1999-ல ஒரு டாக்டர் மேயரா வந்து பழைய ஊர் முழுக்க காரை வெளிய அனுப்பினார், இத்தனை வருஷமா அவரையேதான் ஜனம் திரும்ப திரும்ப ஜெயிக்க வைக்குது. பெல்ஜியத்துல கென்ட் 2017 ஏப்ரல்ல மையத்தை சுத்தி ஊரை ஆறு துண்டா பிரிச்சு, ஒரு துண்டுல இருந்து இன்னொரு துண்டுக்கு கார்ல நேரா போக முடியாது, ரிங் ரோட்டுக்கு போய் சுத்திதான் வரணும்னு பண்ணிடுச்சு, நெதர்லாந்துல க்ரோனிங்கன் 1977-லயே பண்ணின அதே வித்தை. சைக்கிள்காரனுக்கு நேர் வழி, கார்காரனுக்கு சுத்து வழி, அவ்வளவுதான், எதையும் இடிக்கல.

வித்தியாசம் எங்கன்னா, அந்த ஊர்கள்ல கடைவீதிக்கு மேலயும் பின்னாடியும் ஜனம் குடியிருந்துச்சு. காரை தடை பண்ணதும் அவங்க பாட்டுக்கு கீழ இறங்கி நடந்தாங்க. அமெரிக்க ஊர்கள்ல மேல யாரும் இல்ல, சுத்தி இருந்த வீடுகளை இடிச்சு ஏற்கனவே பார்க்கிங் ஆக்கியாச்சு, வரவங்க எல்லாருமே கார்ல வரவங்க, அங்க போய் காரை தடை பண்ணா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டதும் சுடுகாடு மாதிரி ஆகாம என்ன பண்ணும்? அமெரிக்காவுலயே போல்டர், பர்லிங்டன், சார்லட்ஸ்வில் மாதிரி ஊர்கள்ல மட்டும் அந்த தெருக்கள் தப்பிச்சு நல்லா இருக்கு, மூணும் யுனிவர்சிட்டி ஊர், நடந்து வர தூரத்துல ஆயிரக்கணக்குல பசங்க. தெருவுல கல் பதிக்கறது கடைசி வேலை, அதை முதல் வேலையா பண்ணவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

கடைக்காரங்க எதிர்ப்பு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதை கிண்டல் பண்ணவும் கூடாது, அவங்க பொழப்பு அது. பல ஊர்கள்ல சர்வே எடுத்ததுல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது, கார்ல வர கஸ்டமர் எத்தனை பேர்னு கேட்டா கடைக்காரங்க நிஜத்தை விட ரொம்ப ஜாஸ்தியா சொல்றாங்க, ஏன்னா கார்ல வந்தவர்தான் நிறுத்த இடம் இல்லன்னு புலம்புவார், நடந்து வந்தவர் சத்தமே போடாம வாங்கிட்டு போயிடுவார். பிரேசில்ல கூரிடிபா மேயர் ஜைமே லெர்னர் இதை 1972-ல அவர் பாணில சமாளிச்சார். கடைக்காரங்க கோர்ட்டுக்கு போயிடுவாங்கன்னு தெரியும், அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட் மூடின பிறகு வேலைய ஆரம்பிச்சு 72 மணி நேரத்துல நடு தெருவை நடைபாதையாக்கி முடிச்சுட்டார். கார் கிளப்காரங்க கூட்டமா வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து தெருவை பிடிக்கப் போறோம்னாங்க, வந்து பாத்தா தெரு நீளத்துக்கு பேப்பர் விரிச்சு குழந்தைங்க உக்காந்து படம் வரைஞ்சிட்டிருக்கு. கொஞ்ச நாள்ல அதே கடைக்காரங்க இன்னும் நாலு தெரு நீட்டுங்கன்னு கேட்டாங்க. கதை நல்லா இருக்கு, ஆனா அப்ப பிரேசில்ல ராணுவ ஆட்சி, லெர்னர் ஓட்டு வாங்கி வந்த மேயர் கிடையாது, நியமனம். அந்த ஸ்பீடுக்கு அதுவும் ஒரு காரணம், அதை விட்டுட்டு கதையை மட்டும் சொல்றது நேர்மையா இருக்காது.

ஹெல்லர் அப்படி பண்ணல. 1971-ல கிரீன்வில் மேயரா வந்தார். மால்கள் வெளிய இழுத்துட்டு போனதுல மெயின் ஸ்ட்ரீட்ல கடைங்க காலி. தெருவுல நாலு லேன். அவர் அதை முழுசா மூடல, நாலை ரெண்டாக்கினார், லாரன்ஸ் ஹால்ப்ரின்ங்கற நிலக்காட்சி ஆர்க்கிடெக்டை வச்சு. மிச்சமான இடத்துல அகலமான நடைபாதை, மரம், சாய்வா நிறுத்தற பார்க்கிங். கார் வரலாம், ஆனா மெதுவாதான் வர முடியும். க்ரூனுக்கு இருந்த அதே வியன்னா ஞாபகம்தான் ஹெல்லருக்கும் இருந்துச்சு, ஆனா ஒருத்தர் அதை புதுசா ஒரு டப்பாக்குள்ள கட்டினார், இன்னொருத்தர் ஏற்கனவே இருந்த தெருவுல கொண்டு வந்தார். அடுத்து 1982-ல அரசு பணமும் தனியார் பணமும் சேர்ந்து தெருவோட ஒரு முனைல பெரிய ஹோட்டல், 1990-ல இன்னொரு பக்கம் கலை அரங்கம், ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு ஜனம் நடக்கணும், நடுவுல கடை தானா வரும்ங்கற கணக்கு. அப்புறம் ஊர் நடுவுல ஒரு அருவி இருக்கு, அதை 1960-ல கட்டின நாலு லேன் பாலம் மறைச்சு நின்னுச்சு. நல்லா இருக்கற பாலத்தை எதுக்கு இடிக்கணும்னு பெரிய சண்டை. இடிச்சாங்க, 2004-ல அங்க நடக்கறவங்களுக்கு மட்டும் ஒரு தொங்கு பாலமும் பார்க்கும் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஊரே மாறினது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது.

தேதிகளை கூட்டிப் பாருங்க, முப்பது வருஷத்துக்கு மேல. ஹெல்லர் பதவி 1979-லயே முடிஞ்சிடுச்சு. தான் நட்ட மரம் நிழல் குடுக்கும்போது அவர் மேயரா இல்ல. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல் வர இடத்துல இதுதான் பெரிய சிக்கல், ரிப்பன் வெட்ட தோதா ஒண்ணு வேணும், அதனால ஸ்டேடியம், கன்வென்ஷன் சென்டர்னு போயிடறாங்க. ஸ்டேடியத்துக்கு அரசு போடற காசு ஊருக்கு திரும்பி வரதில்லங்கறதுல பொருளாதாரக்காரங்க அபூர்வமா ஒத்துப்போறாங்க, வருஷத்துல பாதி நாளுக்கு மேல பூட்டியிருக்கிற பெரிய சுவர் அது, ஆட்டம் உள்ள நாள்ல கூட்டம் வந்து உள்ளயே சாப்பிட்டுட்டு கார் ஏறி போயிடும். ஓக்லஹோமா சிட்டி இதுல கொஞ்சம் புத்திசாலித்தனமா பண்ணது. 1991-ல ஒரு விமான கம்பெனியோட பராமரிப்பு மையத்தை இண்டியானாபொலிஸ்னு இன்னொரு ஊர்கிட்ட தோத்துட்டு, ஏன் தோத்தோம்னு விசாரிச்சா, சலுகை எல்லாம் ஓகே ஆனா எங்க ஆளுங்க இந்த ஊர்ல குடியிருக்க விரும்ப மாட்டாங்கன்னு பதில் வந்துச்சாம். 1993-ல ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விற்பனை வரில ஒரு சென்ட் ஏத்தி, கடன் வாங்காம, கால்வாய், நூலகம், மைதானம், அரங்கம்னு ஒரே லிஸ்ட்டா கட்டினாங்க. கட்டினதை விட, லிஸ்டை முன்னாடியே காட்டி, ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டு ஆறு மாசம் நீட்டினதோட வரியை நிறுத்தினதுதான் முக்கியம்னு நான் நினைக்கறேன், அதனாலதான் அடுத்த தடவை கேட்டப்பவும் ஜனம் குடுத்துச்சு.

பெரிய கட்டடங்களை விட எனக்கு ஆர்வம் மேல் மாடிங்கதான். எந்த நடுத்தர ஊர் கடைவீதிக்கு போனாலும் தலையை தூக்கிப் பாருங்க, கீழ கடை இருக்கும், மேல ரெண்டு மாடி தூசி பிடிச்ச கண்ணாடி. அங்க வீடு வந்தா ராத்திரி விளக்கு எரியும், மருந்து கடையும் மளிகையும் நிக்கும். ஏன் வரல? கீழ் கடையை அகலப்படுத்த மாடிப்படியை எடுத்திருப்பாங்க. தீயணைப்பு ரூல் ரெண்டாவது படிக்கட்டு கேக்கும், அதை அஞ்சு மீட்டர் அகல கட்டடத்துல வச்சா வீடு வைக்க இடமே இருக்காது. பாங்க் கடன் குடுக்க யோசிக்கும், கடையும் வீடும் கலந்தா அவங்க ஃபார்ம்ல அதுக்கு கட்டமே இருக்காது. இன்னொண்ணு வெளிய பேசப்படாத காரணம்: பெரிய ஓனர்கள்ல சிலர் வாடகையை குறைச்சு ஆள் வைக்கறதை விட பூட்டி வைக்கறதையே விரும்புவாங்க, ஏன்னா கட்டடத்தோட மதிப்பை வாடகையை வச்சுதான் போடறாங்க, வாடகை இறங்கினா காகிதத்துல சொத்து மதிப்பும் இறங்கும், அதுமேல வாங்கின கடன் ஆட்டம் காணும். காலியா இருந்தா "இன்னும் ஆள் வரல"னு மட்டும் சொல்லிக்கலாம். வரியும் காலி மனைக்கு கம்மி, கட்டடம் கட்டினா ஜாஸ்தி, ஆக சும்மா வச்சிருக்கறவனுக்கு பரிசு, கட்டினவனுக்கு அபராதம்.

கோவிட்டுக்கு அப்புறம் ஆபீஸ் காலியாகி, அதை வீடாக்குங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. 1970, 80-கள்ல கட்டின அகலமான டவர்ல அது கஷ்டம், நடுப்பகுதிக்கு ஜன்னல் வெளிச்சம் எட்டாது, தண்ணி குழாய் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். நடுத்தர ஊர்களுக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம், அங்க இருக்கற ஆபீஸ் கட்டடங்கள்ல நிறைய ஏசிக்கு முந்தின காலத்துது, காத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒடுக்கமா கட்டினது, வீடா மாத்த தோதானது. அன்னைக்கு டவர் கட்ட காசு இல்லாம போனது இன்னைக்கு உதவுது.

நிரம்பினா எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. நகரங்களை பத்தி எழுதின ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லயே சொன்னாங்க, புதுசா தொழில் ஆரம்பிக்கறவனுக்கு புது கட்டடத்து வாடகை கட்டுப்படியாகாது, பழைய கட்டடம் வேணும்னு. நடு ஊர் செத்துக் கிடந்த காலத்துல அங்க தாக்குப்பிடிச்சவங்க செருப்பு தைக்கறவர், தையல்காரர், பழைய புத்தகக் கடை, குறைஞ்ச வாடகைக்கு குடியிருந்த ஏழைங்க. ஊர் அழகானதும் முதல்ல போறது அவங்கதான். கிரீன்வில்லயும் அதான், மையத்தை ஒட்டின பழைய கறுப்பின குடியிருப்புகள்ல வீட்டு விலை ஏறி, ஊர் ஜனத்தொகைல அவங்க பங்கு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. இதுக்கு மருந்து நிலம் சல்லிசா இருக்கும்போதே நகராட்சியோ அறக்கட்டளையோ கொஞ்சம் வாங்கி வச்சு, குறைஞ்ச வாடகை வீடும் கடையும்னு எழுதி வைக்கறது. விலை ஏறின பிறகு பண்ணா பத்து மடங்கு செலவு. ஆனா காலியா கிடக்கும்போது "முதல்ல யாராவது வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னுதான் எல்லா மீட்டிங்லயும் முடிவாகும்.

க்ரூன் கடைசில வியன்னாவுக்கே திரும்பிட்டார். போய் சில வருஷத்துல, 1976-ல, அவர் ஊருக்கு தெற்க ஒரு ராட்சச மால் வந்து நின்னுச்சு. 1978-ல லண்டன்ல ஒரு கூட்டத்துல, என் பேரை வச்சு பெத்துப்போட்ட இந்த குழந்தைங்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லங்கற மாதிரி பேசினார், ரெண்டு வருஷத்துல இறந்துட்டார். சவுத்டேல் இன்னும் இருக்கு. அங்க ஒரு பெரிய டிபார்ட்மென்ட் கடை காலி பண்ணிட்டு போன இடத்துல 2019-ல ஒரு பெரிய ஜிம் வந்துச்சு, 2010-கள்ல இருந்து மாலை சுத்தி இருக்கிற பார்க்கிங் தரைல அபார்ட்மென்ட் கட்டிக்கிட்டிருக்காங்க. 1950-கள்ல க்ரூன் வரைஞ்சு குடுத்த முதல் ப்ளான்லயும் அந்த மாலை சுத்தி வீடுதான் இருந்துச்சு.